சத்தமில்லாத வண்டியும் பழங்காநத்தம் ஊர்வலமும்

அன்புள்ள தாயி,

நீ சுகமாகத்தான் இருப்பாய், அதை விசாரித்து மையை வீணாக்க மாட்டேன். இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், நேற்று மத்தியானம் உன் புகுந்த வீட்டுப் பெரியவர் என் கடைக்கு வந்துபோனது. எதற்கு வந்தார் என்று கடைசியில் சொல்கிறேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் வாயைத் திறந்ததுமே "மாமா, கதை விடாதீங்க" என்று நீ குறுக்கே வெட்டிவிடுவாய். கடிதத்தில் வெட்ட முடியாது. அதோடு ஊரில் உன் கல்யாண ஊர்வலக் கதையை ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். உள்ளதை உள்ளபடி சொல்ல என்னைவிட்டால் ஆள் இல்லை. அதனால் இதை ஊரும் படிக்கட்டும் என்றே எழுதுகிறேன்.

ஊருக்காகக் கொஞ்சம் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், நீ இந்த இடத்தைத் தாண்டிப் போகலாம். நான் உன் தாய்மாமன். நீ கைக்குழந்தையாக இருக்கும்போதே உன் அப்பா காலமாகிவிட்டார். அக்காவையும் உன்னையும் நான்தான் என் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். எனக்கும் உன் அத்தைக்கும் வேறு பிள்ளை இல்லை, அதனால் ஊரில் நாலு பிள்ளைக்குக் கொடுக்கிற செல்லத்தை நீ ஒருத்தியே சுமந்தாய். நான் எட்டாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன். மற்றவர்கள் ஒரு தடவை படித்துவிட்டு ஓடுகிற வகுப்பு, எனக்கு எம்புட்டு ஆழமாகத் தெரிந்திருக்கும் பார்! அதற்குப் பிறகு பழங்காநத்தத்தில் பந்தல், நாற்காலி, பாத்திரம், ஜமக்காளம் வாடகைக்கு விடுகிற கடை போட்டேன். மதுரைக்குத் தெற்கே என் நாற்காலியில் உட்காராமல் தாலி கட்டிய மாப்பிள்ளை யாரும் இருக்க முடியாது. இருந்தால் அந்தக் கல்யாணம் செல்லுமா என்று விசாரிக்க வேண்டும்.

இந்தக் கதையில் என் வண்டி இரண்டு வரும், முதலில் பழைய வண்டிக்கு வருகிறேன். கே.கே. நகரில் ஒரு டாக்டர் வெளிநாடு போகிறார் என்று விற்ற கார் அது. பெட்ரோலும் கரண்டும் சேர்ந்து ஓடுகிற ஹைபிரிட் வண்டி. அந்தக் காலத்தில் அந்தச் சொல்லே மதுரையில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. கத்தரிச் செடியிலும் தக்காளி விதையிலும்தான் ஹைபிரிட் என்று கேள்விப்பட்டிருந்தோம். ஓட்டிப் பார்க்கச் சொன்னார். சாவியைத் திருகினேன், சத்தமே வரவில்லை. "டாக்டர், வண்டி செத்துப்போச்சு" என்றேன். "செத்துப்போகல, பிரேக்குல இருந்து காலை எடுங்க" என்றார். காலை எடுத்தேன், வண்டி பூனை மாதிரி நகர்ந்தது. அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன், வாங்கினால் இதுதான். வீட்டுக்குக் கொண்டுவந்த சாயங்காலம் பாதித் தெரு என் வாசலில் நின்றது. என்னைக் கேட்டால் தல்லாகுளத்திலிருந்துகூட ஆள் வந்தார்கள் என்பேன்.

நாகமலைப் பக்கம் மனை போட்டு வீடு கட்டாமல் கிடந்த சாலையில் அந்த வண்டியை வைத்துத்தான் நீ ஓட்டப் பழகினாய். நான் சொல்லிக்கொடுத்தேன் என்று நான் சொல்வேன். மாமா கண்ணை மூடிக்கொண்டு முருகனைக் கூப்பிட்டார், நானாகத்தான் பழகினேன் என்று நீ சொல்வாய். முருகனைக் கூப்பிடுவதும் சொல்லிக்கொடுப்பதில் ஒரு பகுதிதான். நீ கால்நடை டாக்டருக்குப் படித்து, செக்கானூரணிக்கு மேற்கே மாட்டாஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்த பிறகு அந்த வண்டி பாதி உன் வண்டியாகிவிட்டது. கன்று குறுக்கே மாட்டிக்கொண்டது என்று போன் வந்தால் நீ சோற்றில் கை வைத்தபடியே எழுந்து போவாய். கரடுமுரடான வண்டிப்பாதையில் போய், முழங்கை வரைக்கும் சாணியும் ரத்தமுமாகத் திரும்பி வருவாய். அத்தை வாசலிலேயே நிறுத்திக் குளிக்க அனுப்புவாள். உன் முகத்தில் மட்டும் அம்மன் கோயில் விளக்கு மாதிரி ஒரு வெளிச்சம் இருக்கும். "என்ன கன்னு?" என்று கேட்பேன். "கிடாரி மாமா" என்பாய், நீயே பெற்ற மாதிரி.

அப்படி இருக்கும்போதுதான் உசிலம்பட்டிப் பக்கத்துச் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை நல்ல தம்பி. அந்த வீட்டிலும் தகப்பன் இல்லை, பெரியப்பாதான் பெரியவர். கம்பீரமான ஆள், மேல் திறந்த ஜீப் ஒன்று வைத்திருக்கிறார், அதில் நின்றுகொண்டு வந்தால் தேர்தலில் ஜெயித்த மாதிரி இருக்கும். நிச்சயதார்த்தத்தன்று வெற்றிலை மடித்துக்கொண்டே அவர் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "பொண்ணு வேலைக்குப் போகட்டும், வேணாங்கல. ஆனா எங்க வீட்டுப் பொம்பளைங்க வண்டி ஓட்டுற பழக்கம் இல்ல. டிரைவர் போட்டுக்கிருவோம். ஊர்வலத்துக்கும் நம்ம ஜீப்பு வந்துரும், பொண்ண அதுலயே ஏத்திக்கிருவோம்." மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். மாப்பிள்ளையின் அம்மா தாம்பாளத்தைப் பார்த்தார். நீ என்னைப் பார்த்தாய்.

திரும்பி வரும்போது நீதான் ஓட்டினாய். செல்லம்பட்டியைத் தாண்டினோம். பிறகு சொன்னாய்: "மாமா, அர்த்த ராத்திரில மாடு கன்னு போட முடியாமக் கிடந்தா, டிரைவர் வர்ற வரைக்கும் பொறுத்துக்கன்னு மாட்டுகிட்டச் சொல்லவா?" அக்கா பின்னாலிருந்து, "வந்த எடத்தக் கெடுத்துராதடி" என்றாள். "கெடுக்கலம்மா. எனக்கும் அவரைப் பிடிச்சிருக்கு. ஆனா வண்டிய விட்டா வேலைய விட்ட மாதிரிதான்" என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள் ஸ்டியரிங்குக்கு முன்னால் வண்டிக்குள்ளேயே ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. வண்டி தொண்டை கட்டின ஆள் மாதிரி இழுத்து இழுத்துப் போனது. எத்தனையோ வருஷம் சத்தமே போடாத வண்டி, அன்றைக்கு எனக்கு முன்னாலேயே அழ ஆரம்பித்துவிட்டது.

மெக்கானிக் பின்சீட்டைக் கழற்றினார். அதற்கு அடியில்தான் பெரிய பேட்டரி இருக்கிறது, அது மூச்சுவிடச் சீட்டோரத்தில் ஒரு சல்லடை இருக்கிறது. இது எனக்குத் தெரியாது. நான் அந்தச் சீட்டில் வருஷக்கணக்காக வாடகை ஜமக்காளத்தைச் சுருட்டிச் சுருட்டி ஏற்றியிருக்கிறேன். உள்ளேயிருந்து அவர் ஒரு தலையணை அளவுக்குப் பஞ்சை உருவினார். சிவப்பு, பச்சை, நீலம், எல்லாம் என் கடை நிறம். "அண்ணே, மதுரக் கல்யாணம் அம்புட்டும் இதுக்குள்ள இருக்குண்ணே" என்றார். சுத்தம் பண்ணினால் ஓடும், ஆனால் பேட்டரிக்கும் வயசாகிவிட்டது, எந்த இடத்தில் படுக்கும் என்று சொல்ல முடியாது என்றார். கல்யாணத்துக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். உன் அத்தை, "ஒரு நாள் கூத்து, வாடகைக்கு எடுத்துக்குவோமே" என்றாள். எனக்கு வந்ததே கோபம்! ஊருக்கெல்லாம் வாடகைக்கு விடுகிறவன், தன் மருமகளை வாடகை வண்டியில் அழைத்து வந்தால் அந்தக் கடைக்கு நான் பூட்டுப் போட வேண்டியதுதான். நம் வீட்டில் பெண்ணை மண்டபத்துக்குத் தாய்மாமன் தன் சொந்த வண்டியில் அழைத்து வருவதுதான் முறை. மாட்டு வண்டி இருந்த காலத்திலிருந்து அதுதான். இந்த முறையைச் சொல்லித்தான் பெரியவரிடம் ஜீப்பை மறுத்தேன். "மொறைன்னு சொல்லிட்டீங்க, சரி" என்று அவரும் விட்டுக்கொடுத்தார். ஆனால் மற்ற பேச்சை, நீ வண்டி ஓட்டக் கூடாது என்ற பேச்சை, அவர் விடவில்லை. நானும் கேட்கவில்லை. உனக்காக அங்கே வாய் திறந்திருக்க வேண்டும் என்று நீ நினைத்திருப்பாய். நான் சரியான நேரத்துக்குக் காத்திருந்தேன் என்று வைத்துக்கொள்.

அதனால் புது வண்டி வாங்குவது என்று முடிவு பண்ணினேன். அதுவும் ஹைபிரிட்தான் என்று நான் சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள். பட்டது போதாதா என்றார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்! ஊர்வலத்தில் வண்டி என்ன செய்ய வேண்டும்? மேளத்துக்குப் பின்னால் நடக்க வேண்டும். சாதா வண்டிக்கு ஓடத்தான் தெரியும், நடக்கத் தெரியாது. நடக்கச் சொன்னால் கிளட்ச் நாறும், இன்ஜின் கொதிக்கும். ஹைபிரிட் வண்டி மெதுவாகப் போகும்போது இன்ஜினைத் தூங்கப் போட்டுவிட்டுக் கரண்டில் நடக்கும். ஏ.சி. ஓடும், புகை கிடையாது, பொண்ணுக்குப் பவுடர் கலையாது. மதுரைத் தெருவுக்கென்றே செய்த வண்டி இது, செய்தவனுக்குத்தான் அது தெரியாது. ஷோரூமில் இதை நான் விளக்கியபோது அங்கே வேலை பார்க்கிற எல்லாரும் எழுந்து நின்று கேட்டார்கள். உன் அத்தை, கடை மூடுகிற நேரம் என்று எழுந்தார்கள் என்பாள். நம்பாதே.

வண்டி கல்யாணத்துக்கு முந்தின வாரம் வந்து சேர்ந்தது. பூசைக்குக் கோயில் வாசலில் நிறுத்தினோம். பூசாரி மாலை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காயைச் சுற்றி உடைத்துவிட்டுக் காத்திருந்தார். நானும் காத்திருந்தேன். "ஸ்டார்ட் பண்ணுங்கண்ணே" என்றார். "ஆயிருச்சு சாமி" என்றேன். காதைக் கொண்டுவந்து பானெட்டில் வைத்தார். "எங்கண்ணே ஆச்சு?" என்று அவர் கேட்கும்போதே நான் பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டேன். எலுமிச்சம்பழம் நசுங்கியது, கூடவே ஓரத்தில் இருந்த அவருடைய கற்பூரத் தட்டும். "மோட்டார் வாகனத்துக்கு எம்புட்டோ பூச பண்ணிருக்கேன், ஊமை வாகனத்துக்கு இதான் மொதப் பூச" என்று தட்டை நிமிர்த்திக்கொண்டே விபூதி கொடுத்தார். நீ பின்னால் நின்று சிரித்தாயே, நிச்சயதார்த்தத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் உன் பல்லைப் பார்த்தேன்.

இப்போது ஊர்வலம். சாயங்காலம், கோயிலிலிருந்து மண்டபத்துக்கு. முன்னால் பெரியவரின் ஜீப், அதில் அவர் நிற்கிறார். அதற்குப் பின்னால் உறுமி மேளம். அதற்குப் பின்னால் நம் வண்டி, பூவால் மூடியிருந்தது. நான் ஓட்டுகிறேன், நீ பட்டும் மாலையுமாகப் பின்சீட்டில், பக்கத்தில் உன் அத்தை. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் சீர்த்தட்டோடு இரண்டு பக்கமும் நடந்து வந்தார்கள். பாதித் தெரு போவதற்குள் ஜீப் பானெட்டிலிருந்து ஆவி கிளம்பியது, இட்லிப் பானையைத் திறந்த மாதிரி. பெரியவர் இறங்கிவிட்டார். நாலு பேர் ஜீப்பை ஓரமாகத் தள்ளினார்கள். நம் வண்டி அதைத் தாண்டிப் போகும்போது நான் அவரைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததுதான் பெரிய பேச்சு. உறுமிக்காரர்களுக்கும் அது புரிந்துவிட்டது போல, அடித்தார்கள் பார் ஒரு அடி! எனக்குக் கால் நிற்கவில்லை தாயி. தாய்மாமன் ஆடாத ஊர்வலம் என்ன ஊர்வலம்? கதவைத் திறந்து இறங்கிவிட்டேன்.

வண்டி அணைந்திருக்கிறது என்றுதான் என் காலுக்கும் காதுக்கும் தோன்றியது. சத்தம் இல்லையென்றால் வண்டி நின்றுவிட்டது, இது ஹைபிரிட் வாங்குவதற்கு முன்னாலேயே ஊறின பழக்கம், மேளம் கேட்டதும் திரும்பி வந்துவிட்டது; வண்டியை அணைக்கவும் இல்லை, கியரை மாற்றவும் இல்லை. நான் இறங்கியதும் வண்டி கீச் கீச்சென்று கத்தியிருக்கும், உறுமியில் யாருக்குக் கேட்கும்? நான் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஆடுகிறேன். எனக்குப் பின்னால் வண்டி, ஆள் இல்லாமல், மேளத்துக்குத் தாளம் தப்பாமல் நடந்து வருகிறது. உன் அத்தை போட்ட சத்தத்தை நான் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது நீ மாலையைக் கழற்றி அவள் மடியில் போட்டுவிட்டு, சேலையை வாரிச் சுருட்டி, இரண்டு சீட்டுக்கு நடுவில் புகுந்து முன்னால் வந்துகொண்டிருந்தாய். கன்றுக்குட்டி பிறக்கிற மாதிரியேதான், கை முதலில், பிறகு தலை, பிறகு தோள். சீட்டில் விழுந்தாய், பிரேக்கை மிதித்தாய். வண்டி என் முதுகுக்கு ஒரு சாண் பின்னால் நின்றது. மேளம் நின்றது. பழங்காநத்தமே நின்றது.

பெரியவர் விறுவிறுவென்று வந்தார். "யாரு ஓட்டுறது? பொண்ணா? மொதல்ல எறங்கச் சொல்லுங்க! தாய்மாமன் கூட்டியாரணும்னு மொறை பேசுனீங்க, இதான் மொறையா?" என்று கத்தினார். நான் பதில் சொல்லத்தான் போனேன். அதற்குள் சீர்த்தட்டு வரிசையிலிருந்து ஒரு குரல். மாப்பிள்ளையின் அம்மா, உன் மாமியார். நிச்சயத்தன்று தாம்பாளத்தைப் பார்த்துக்கொண்டே இருந்த அந்த அம்மா.

"அத்தான், அவ கால் பிரேக்குல இருக்கு. எறங்குனா வண்டி யாரு மேல ஏறும்?"

பெரியவர் வண்டிக்கு முன்னால்தான் நின்றுகொண்டிருந்தார். கீழே சக்கரத்தைப் பார்த்தார். ஒரு எட்டு ஓரமாக நகர்ந்தார்.

"எனக்கும் முட்டி வலி உசிரு போகுது" என்று அந்த அம்மா தட்டைப் பக்கத்தில் இருந்தவள் கையில் கொடுத்தார். கதவைத் திறந்து உன் பக்கத்துச் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். "உள்ள குளுகுளுன்னு இருக்கே. நீ ஓட்டு தாயி" என்றார். நீ ஓட்டவில்லை. கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாய், நிச்சயதார்த்தத்தில் பார்த்த அதே பார்வை. அன்றைக்கு வாய் திறக்காததற்கும் சேர்த்து இன்றைக்குத் திறந்தேன். "பெரியவரே, வண்டி யாரு வண்டி? என் வண்டி. முன்னாடி ஆடிக்கிட்டு யாரு கூட்டிட்டு வாரா? நான் கூட்டிட்டு வாரேன். பொண்ணு மாட்டுக்கு வைத்தியம் பாக்குற புள்ள. ராத்திரி, பகலு, மழை, சேறுன்னு வண்டி ஓட்டுனாத்தான் அது டாக்டரு. இன்னைக்கு ஊரு பாக்க ஓட்டிட்டு வரட்டும், நாளைக்கு உங்க ஊரு மாடு பாக்க ஓட்டட்டும். இதுவும் மொறைதான். இன்னையில இருந்து மொறை!" உறுமிக்காரர், "அடிக்கவாண்ணே?" என்றார். "அடிறா!" என்றேன்.

மண்டபம் வரைக்கும் நான் முன்னால் ஆடினேன், நீ பின்னால் நடத்தி வந்தாய். மாடிகளிலிருந்து பெண்கள் குலவை போட்டார்கள். மண்டப வாசலில் மாப்பிள்ளைத் தம்பி நின்றார். ஸ்டியரிங்குக்குப் பின்னால் உன்னைப் பார்த்ததும் சிரித்துவிட்டு, தானே வந்து உன் பக்கக் கதவைத் திறந்தார். அந்தத் தம்பி மேல் எனக்கு இருந்த மனக்குறை அங்கேயே போய்விட்டது. இதெல்லாம் நான் போட்டுவைத்த திட்டம் என்று டீக்கடையில் சொல்லியிருக்கிறேன். நீ மறுத்துப் பேசாதே. இறங்கியது நான்தானே? நான் இறங்காமல் இருந்தால் நீ எப்படி முன்சீட்டுக்கு வந்திருப்பாய்?

பெற்றவர் ஸ்தானத்தில் இருந்து நாலு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும், அதையும் சொல்கிறேன். ஹைபிரிட் வண்டியில் எனக்கு ரொம்பப் பிடித்தது, பிரேக் போட்டால் பேட்டரி ஏறும் என்பதுதான். மற்ற வண்டியில் நிறுத்தினால் வேகம் வீண். இதில் நிறுத்துகிற வேகத்தை வண்டி எடுத்து வைத்துக்கொள்ளும், அடுத்த மேட்டுக்கு ஆகும். உனக்கும் மாப்பிள்ளைக்கும் பேச்சு முற்றுகிற நாள் வரும். யாராவது ஒருத்தர் பிரேக்கில் கால் வையுங்கள். நானும் உன் அத்தையும் அப்படித்தான், பெரும்பாலும் கால் வைத்தது அவள். இன்னொன்று, சீட்டோரத்துச் சல்லடையை அடைக்காதே. கல்யாணம் ஆன வீட்டில் எல்லாரும் எதையாவது கொண்டுவந்து பின்சீட்டில் போடுவார்கள். நீ மூச்சுவிட ஒரு சின்ன இடம் திறந்திருக்கட்டும்.

சரி, பெரியவர் விஷயம். நேற்று மத்தியானம் கடையில் தட்டுமுட்டுச் சாமானை அடுக்கிக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் வந்திருக்கிறார், தோளில் துண்டு. ஒரு நாற்காலியை விரித்துப் போட்டேன். கல்யாணத்துக்குப் பந்தல் நல்லாயிருந்தது என்றார். மழை பெய்யவில்லை என்றார். பிறகு கடை ஓரத்தில் மூடி வைத்திருந்த பழைய வண்டியைப் பார்த்தார். "இதுக்குப் பேட்டரி மாத்திட்டீங்களாமே மச்சான்?" என்றார். மச்சான்! நிச்சயதார்த்தத்தில் 'ஏங்க' என்று கூப்பிட்ட மனுஷன். மாத்திவிட்டேன் என்றேன். துணியை விலக்கி அதைச் சுற்றி வந்தார், சக்கரத்தைத் தட்டினார். "ஜீப்பக் குடுத்துட்டேன். முன்ன மாதிரி கைல தெம்பு இல்ல, அந்தக் கியரப் போட முடியல. இதுல கியர் மாத்த வேணாமாம்ல, மெதுவாவும் போகும்ல? இத எனக்குக் குடுங்க" என்றார். நான் அவரைப் பார்த்தேன். அவரும் என்னை மாதிரிதான் தாயி, தம்பி பெற்ற பிள்ளையை வளர்த்து ஆளாக்கிய மனுஷன். யாரோ விட்டுப்போன சீட்டில் உட்கார்ந்து இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறார். எனக்கு அவரிடம் ஜெயித்த சந்தோஷம் குறையவில்லை, அதைக் குறைக்கிற உத்தேசமும் இல்லை. ஆனாலும் காபி வாங்கிக் கொடுத்தேன். வண்டி உங்களுக்குத்தான் என்றேன்.

சாவியை வாங்கி மடியில் முடிந்துகொண்டார். கிளம்பவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்தார். "ஓட்ட யாராவது சொல்லித் தரணும்ல மச்சான்" என்றார். நான் இருக்கிறேனே என்றேன். "வேணாம். நீங்க பாதில எறங்கிருவீங்க" என்றார். பிறகு தெருவைப் பார்த்துக்கொண்டே, "மருமகளுக்கு ஞாயித்துக்கிழம நேரம் இருக்குமா, கேட்டுச் சொல்றீங்களா?" என்றார்.

அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம். ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வந்துவிடு, நாகமலைச் சாலை இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது. அவர் சாவியைத் திருகுவார். திருகிவிட்டுக் காத்திருப்பார். "ஸ்டார்ட் ஆயிருச்சா தாயி?" என்று கேட்பார். சிரித்துவிடாதே. ஆயிருச்சு, பிரேக்குல இருந்து காலை எடுங்க என்று சொல். நான் பின்சீட்டில் உட்கார்ந்துகொள்கிறேன். முருகனைக் கூப்பிட ஒரு ஆள் வேண்டும் அல்லவா?

உன் வெற்றியில் பாதிப் பங்குக்காரன்,
தாய்மாமன்